படிக்கவில்லை என்று சத்தியம் செய்த கதை

இன்டர்னல் தேர்வு நெருங்கினால் பாடத்தின் மீது வருகிற பயத்தைவிட, கூடப் படிக்கிறவர்கள் மீது வருகிற சந்தேகம்தான் எனக்கு அதிகம். எம்.காம். வகுப்பில் யாரைக் கேட்டாலும் "ஒண்ணும் படிக்கல மச்சான்" என்பார்கள். நானும் அதையேதான் சொல்வேன். என் விஷயத்தில் அது பெரும்பாலும் உண்மையாகவும் இருந்து தொலைக்கும்.

அந்த முறை புள்ளியியல். முதல் இன்டர்னலில் நான் வாங்கியதை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். இரண்டில் எது அதிகமோ அதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். இரண்டாவதிலும் கோட்டை விட்டால், செமஸ்டரில் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் அரியர். அரியர் வைத்தவனை, வேலைக்கு ஆள் எடுக்க வருகிற கம்பெனி வாசலோடு அனுப்பிவிடும். இவ்வளவும் தெரிந்தவன் உட்கார்ந்து படிக்க வேண்டும். நான் நண்பனை வேவு பார்க்கக் கிளம்பினேன்.

அவன் கடற்கரை ஊரான வீராம்பட்டினத்துக்காரன். எனக்கு அடுத்த ரோல் நம்பர், தேர்வறையில் எனக்குப் பின்னால் உட்காருகிறவன், முதல் இன்டர்னலில் என்னோடு சேர்ந்து மண்ணைக் கவ்வியவன். வெள்ளிக்கிழமை அவன் "ஒண்ணும் படிக்கல" என்று சொன்ன குரல் சரியில்லை. அதில் சோகம் அதிகம். உண்மையிலேயே படிக்காதவன் எகத்தாளமாகச் சொல்வான். போதாக்குறைக்கு, விடிந்தும் விடியாத நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஆன்லைனில் இருந்தான். அந்நேரத்தில் எழுந்து வேறென்ன செய்வான்?

தேர்வுக்கு முந்தின நாள் ஞாயிறு. முதலியார்பேட்டை வீட்டில் புத்தகத்தை விரித்தால், அவன் யூனிட் யூனிட்டாக முடிப்பது போலவே கண்ணுக்குத் தெரிந்தது. புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

அவன் அம்மா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். "வாப்பா. அவன் காலைலயே புக்க எடுத்துக்கினு கரைக்குப் போயிட்டான். ரெண்டு நாளா அங்கதான் கெடக்கறான்" என்றார்.

சந்தேகம் உறுதியானது. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று நெத்திலி வறுத்து வைத்தார். இதுவும் என் நேரத்தைக் கரைக்கிற சதியோ என்று தோன்றியது. சந்தேகப்பட்டுக்கொண்டே இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

கரையில் ஒரு படகு நிழலில், புத்தகத்தால் முகத்தை மூடிப் படுத்திருந்தான். நடிக்கிறானோ என்று உள்ளங்காலைச் சுரண்டினேன். துள்ளி எழுந்தான்.

"இன்னாடா, வேவு பாக்க வந்தியா?"

"சேச்சே. ஜெராக்ஸ் வாங்கிக்கினு போலாம்னு."

"எங்கிட்டயா? எத்தினி யூனிட் முடிச்ச?"

"ஒண்ணுகூட முடிக்கல மச்சான்."

"யார்கிட்ட வுடற? நாளைக்கி பரீட்சைய வச்சிக்கினு வெயில்ல ஊர் சுத்தறவன், எல்லாத்தையும் முடிச்சவனாத்தான் இருப்பான்."

அவன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். விடாமல் அம்மன் கோயில் வாசலுக்கு இழுத்துப்போய்க் கற்பூரம் ஏற்றினான். "அணைச்சி சத்தியம் பண்ணு. கடலுக்குப் போறவங்களே இந்த அம்மாகிட்ட பொய் சொல்ல மாட்டாங்க."

படிக்கவில்லை என்று சத்தியம் செய்தேன். கை லேசாகச் சுட்டது. சந்தோஷப்படுவான் என்று பார்த்தால், அவன் முகம் வெளுத்துவிட்டது.

"அடப்பாவி, அப்ப நான் யாரப் பாத்து எழுதறது?"

இரண்டு நாளாக அவன் நிம்மதியாகத் தூங்கியது என்னை நம்பித்தானாம்.

"அப்பறம் ஏன் விடிகாலைல ஆன்லைன்ல இருந்த?"

"ஏலத்துல மீன் இன்னா வெல போவுதுன்னு குரூப்ல போடுவாங்க, அம்மாவுக்குப் பாத்துச் சொல்வேன். நீ ஏன்டா அந்நேரத்துல முழிச்சிக்கினு என்னையே பாத்துக்கினு இருந்த?"

மறுபடி படகு நிழலுக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்தோம். எனக்குத் தெரியாததை அவனும் அவனுக்குத் தெரியாததை நானும் சொல்லிக் கொடுத்ததில், பொழுது சாய்வதற்குள் ஒரு யூனிட் முடிந்தது. வேண்டுமென்றே தப்பாகச் சொல்கிறானோ என்று சரிபார்த்ததிலேயே பாதி நேரம் போயிற்று.

மறுநாள் அந்த யூனிட்டிலிருந்தே பெரிய கணக்கு வந்தது. நான் குனிந்த தலை நிமிராமல் எழுதினேன். பின்னாலும் பேனா நிற்காமல் ஓடியது.

தாள் கொடுக்கிற அன்று புள்ளியியல் சார் எங்கள் இருவரையும் எழுப்பினார். பெரிய கணக்கில் ஒரே இடத்தில் இருவரும் ஒரே தப்பைச் செய்திருந்தோமாம்; என்ன தப்பு என்று அவர் சொல்லவில்லை.

"யாரைப் பாத்து யாரு எழுதினது? சொன்னா ஒருத்தருக்காவது மார்க் மிஞ்சும்."

"சேந்து படிச்சோம் சார்" என்றோம். வகுப்பே சிரித்தது. நாங்கள் சொன்ன ஒரே உண்மையை நம்ப ஆளில்லை.

அவனை வெளியே நிறுத்திவிட்டு, என்னைப் போர்டில் அதே கணக்கைப் போடச் சொன்னார். போட்டேன். அழித்துவிட்டு அவனைக் கூப்பிட்டார். அவனும் போட்டான். வர்க்கமூலம் எடுக்க வேண்டிய இடத்தில், என்னைப் போலவே யோசிக்காமல், வெகு தைரியமாக இரண்டால் வகுத்தான்.

சார் சாக்பீஸை வாங்கிக்கொண்டார். "பாத்து எழுதினா இவ்ளோ நம்பிக்கையா தப்பு வராது" என்றார். போட்டிருந்த மார்க்கைக் குறைக்காமல் தாள்களைக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் பாஸுக்குத் தேவையானது இருந்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அடுத்த செமஸ்டரிலிருந்து எங்கள் இருவரையும் அவர் ஒரே அறையில் தேர்வு எழுத விட்டதில்லை.