சுதா அழிக்காத பத்தி

போர்ட் பிளேரை அடுத்த கராச்சர்மாவில் பாலகுமாரின் கம்ப்யூட்டர் கடையில் அடித்த பயோடேட்டா எல்லாம் ஒரே அச்சு. பெயர், தகப்பனார் பெயர், உயரம், தீவுவாசி என்று காட்டும் ஐலேண்டர் கார்டு எண், எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் பதிவு எண். சர்க்கார் வேலைக்கென்று என்றோ தயாரித்தது. ஹோட்டலுக்கும் அதுதான், போட் கம்பெனிக்கும் அதுதான். டிக்கெட் விற்கப் போகிறவளின் உயரம் எதற்கு என்று நம் ஊரில் ஒருவரும் கேட்டதில்லை.

சுதாவும் கேட்கவில்லை. போர்ட் பிளேரில் ஒரு போட் டிக்கெட் ஏஜென்சியின் கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்தவள். முதலாளி கடையை மூடிவிட்டு மெயின்லேண்டுக்குப் போனதும், அந்த பயோடேட்டாவையே எல்லா இடத்துக்கும் அனுப்பினாள். கிணற்றில் போட்ட கல்தான்.

சென்னையிலிருந்து அண்ணன் முருகானந்தம், "அம்மாவக் கூட்டிக்கிட்டு இங்க வந்துடு" என்று தினமும் போன் செய்தான். அம்மா ரெங்கம்மா சிறுமியாக இருந்தபோது சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து நிக்கோபாரின் கச்சால் தீவுக்குக் கப்பலேறியவள். ரப்பர் தோட்டத்தில் வேலை. சுனாமிக்குப் பிறகு கச்சாலை விட்டுப் போர்ட் பிளேர் பக்கம் புரோத்ராபூர்.

"இன்னொரு தடவ மூட்ட கட்ட என்னால ஏலாது புள்ள" என்றாள் ரெங்கம்மா. சொல்லிவிட்டு, மகள் அறியாமல் தன் கோழிகளைப் பக்கத்து வீட்டு மரகதத்திடம் கொடுத்துவிட்டாள். காலிக் கூட்டைப் பார்த்த பிறகுதான், அம்மா கிளம்பத் தயாராகிவிட்டது சுதாவுக்குப் புரிந்தது.

அந்த வாரம்தான் புதிய போட் கம்பெனி ஒன்று, பயணிகளைக் கவனிக்க ஆள் கேட்டு விளம்பரம் கொடுத்தது. இந்த வேலைக்கென்றே எழுதிய ரெஸ்யூமேயும் கடிதமும் வேண்டுமாம்.

"டு அட்ரஸ மாத்தினா போதும்" என்றார் பாலகுமார்.

சுதாவுக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டில் உட்கார்ந்து தானே எழுதினாள். உயரம் போயிற்று. இந்தியும் வங்காளமும் தமிழும் பேசிக் கோபக்காரர்களை உட்கார வைத்தது வந்தது. புயல் கொடி ஏறி நின்ற போட் மறுபடி ஓடும் நாட்களில், வீடு திரும்பும் தீவுக்காரர்களுக்கு முதல் சீட், டூரிஸ்டுகளுக்குப் பிறகு என்று வரிசை பிரித்தது வந்தது. அதோடு ஒரு பத்தி: கைக்குழந்தையை ஹேவ்லாக் தீவில் விட்டு வந்து மாட்டிக்கொண்ட ஒரு தாய்க்கு, முதலாளியின் நண்பருக்கென்று வைத்திருந்த சீட்டைக் கொடுத்தது. அதற்காகத் திட்டு வாங்கியதையும் மறைக்காமல் எழுதினாள்.

அதைக் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்த பாலகுமார் அந்த இடத்தில் நின்றுவிட்டார்.

"அரே, மாலிக் பேச்சக் கேக்காதவள்னு நீயே எழுதிக் குடுப்பியா? இத காட் தோ, எடுத்துடு."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வதா என்று சுதாவும் ஒரு கணம் தயங்கினாள். காலிக் கூடு கண்ணில் நின்றது. ஆனால் அந்த வேலையில் அவளுக்குப் பெருமை என்று இருந்தது அந்த ஒரு நாள்தான்.

"ரெஹ்னே தோ அண்ணே. இருக்கட்டும்."

நாலாம் நாள் அந்தக் கம்பெனியின் மேனேஜர் சிவபிரகாஷ் போன் செய்தார். சுற்றி வளைக்கவில்லை.

"எங்க போட்லயும் ஓனர் கெஸ்ட்டுக்கு சீட் வச்சிருப்போம். அதையும் தூக்கிக் குடுத்துடுவீங்களா?"

சுதாவுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"முதல்ல உங்களுக்கு போன் பண்ணுவேன் சார். நீங்க எடுக்கலைன்னா குடுத்துடுவேன்."

மறுமுனையில் ஒரு சிரிப்பு.

"அப்ப நான் போன எடுத்துத்தான் ஆகணும். திங்கக்கிழமை வந்து சேருங்க."

சுதா அடுப்படிக்கு ஓடிப்போய்ச் சொன்னாள். ரெங்கம்மா கையைத் துடைத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல், கோழிகளைத் திருப்பிக் கேட்க மரகதத்தின் வீட்டுக்கு நடந்தாள்.