முன்கட்டு காலியான மாதம்

மந்தைவெளி வீட்டை நான் வாங்கினதே பயத்தில்தான். யுத்தத்தின்போது குண்டு விழப்போகிறது என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. ஓடினவர்கள் வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார்கள். எங்களுக்கு ஓடுவதற்கு வேறு ஊர் இல்லை. என் மனைவிதான் நகைகளைக் கழற்றி என் முன்னால் வைத்து, குண்டு விழுந்தால் சொந்த வீட்டில் விழட்டும் என்றாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். லஸ் கடைத்தெருவில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது இரண்டு இடத்தில் மை சொட்டியது. அதனால் பத்திரம் செல்லாமல் போய்விடுமோ என்று ஒரு வருஷம் கவலைப்பட்டேன்.

பின்கட்டில் நானும் மனைவியும் நான்கு குழந்தைகளும். முன்கட்டில் ஒரு ரயில்வே குமாஸ்தா குடும்பம். மாடியில் ஒரு திருநெல்வேலிக்காரர், தியாகராய நகரில் ஜவுளிக்கடை ஒன்றில் துணி கிழித்துக் கொடுக்கிற வேலை. அவருக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும். இந்த இரண்டு வாடகைதான் எங்களுக்குக் கைத்தாங்கல்.

யுத்தம் முடிந்ததும் ஓடினவர்கள் ஒன்றுக்கு நாலாகத் திரும்பி வந்தார்கள். வீடு கிடைக்காமல் ஊரே அல்லாடியது. சர்க்கார் வீடுகளுக்குக் கண்ட்ரோல் கொண்டு வந்தது. குடியிருக்கிறவரைக் கிளப்ப முடியாது. அவராகக் காலி செய்தால் ஏழு நாளுக்குள் கண்ட்ரோல் ஆபீசுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அவர்கள் யாரை அனுப்புகிறார்களோ அவருக்குத்தான் விட வேண்டும். மறைத்தால் தண்டனை. இதையெல்லாம் கடைக்கு வந்த ஒரு வக்கீல் குமாஸ்தா, டியூபுக்கு ஒட்டுப் போடுகிற நேரத்தில் எனக்குச் சொன்னார். அன்றைக்கு நான் ஒட்டினது சரியாக ஒட்டவில்லை.

ரயில்வே குமாஸ்தாவுக்குப் பெஜவாடாவுக்கு மாற்றல் வந்தது; அவர் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதே வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. என் தம்பிக்கு நெஞ்சு வியாதி, அதாவது க்ஷயம். ஊருக்கு வெளியே அந்த வியாதிக்கென்றே இருந்த ஆஸ்பத்திரியில் ஒரு வருஷமாகப் படுத்திருந்தான். மாதக் கடைசியில் அனுப்பிவிடுவோம், குழந்தைகளோடு சேர்த்து வைக்கக்கூடாது, காற்று வருகிற தனி அறை வேண்டும், இல்லாவிட்டால் திரும்பவும் ரத்தம் கக்குவான் என்று எழுதியிருந்தார்கள். தனி அறை என்றால் எங்களுக்கு முன்கட்டுதான். அது சர்க்கார் கைக்குப் போனால் அவனை வைக்க இடமில்லை.

சொந்த உபயோகத்துக்கு என்று எழுதிக் கொடுத்தால் விடுவார்கள், ஆனால் காரணம் எழுத வேண்டும் என்று வக்கீல் குமாஸ்தா சொல்லியிருந்தார். அந்தக் காரணத்தைத்தான் என்னால் எழுத முடியவில்லை. தெருவில் எல்லாருக்கும் தம்பி பம்பாயில் வேலையாக இருக்கிறான் என்று சொல்லி வைத்திருந்தேன். உண்மை தெரிந்தால் பால்காரி படியேற மாட்டாள். கடையில் சைக்கிளைத் தொட யோசிப்பார்கள். மாடிக்காரர் அன்றைக்கே பெட்டியைக் கட்டுவார். இரண்டு வாடகையும் போனால் வைத்தியத்துக்கு எங்கே போவது?

அதனால் நான் ஒன்றும் எழுதவில்லை. ஆள் இருக்கிற மாதிரி காட்டினேன்.

முன்கட்டு ஜன்னலுக்குத் திரை போட்டேன். வாசல் கொடியில் மனைவியின் பழைய பச்சைச் சேலை ஒன்றைத் தினமும் நனைத்து உலர்த்தினேன். கதவோரத்தில் ஒரு ஜோடி செருப்பு. அந்தி வேளையில் உள்ளே விளக்கை ஏற்றிவிட்டு வருவேன். காலையில் குளிக்கிற அறைக்குள் போய் நாலு சொம்பு தண்ணீரைச் சத்தமாக ஊற்றுவேன். யாரும் இல்லாத வீட்டில் தரைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஓசையில்லாமல் பின்கட்டுக்குத் திரும்புவேன்.

"இன்னாத்துக்கு இப்படி நடுங்கிக்கினு கீறீங்க? திருடனா நாம? நம்ம வூடு" என்பாள் மனைவி.

நம்ம வீடு என்பதுதான் பயம். அந்த நாளில் வீடு தேடுகிறவர்கள் தெருத் தெருவாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் எதிர்வரிசையில் நின்று எங்கள் திரையையே பார்த்தார். நான் உள்ளே ஓடிப்போய் அதை லேசாக அசைத்தேன். ஒரு தரகர் கடைக்கே வந்து, உங்கள் முன்கட்டில் யார் என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டார். உறவுக்காரர் என்றேன். எந்த ஊர் என்றார். அவசரத்தில் ஈக்காட்டுத்தாங்கல் என்று சொல்லிவிட்டேன். நாலு மைல் தள்ளி இருக்கிறவர் எதற்கு இங்கே குடிவர வேண்டும் என்று அவர் சிரித்தார்.

மாடிக்காரரும் மாறிப்போனார். படியிறங்கும்போது முன்கட்டுக் கதவைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், பேசாமல் போய்விடுவார். அவர் மனைவி என் மனைவியோடு கிணற்றடியில் பேசுவதை நிறுத்திவிட்டாள். இவர்கள் எழுதிப் போட்டுவிடுவார்கள் என்று நான் முடிவு கட்டினேன். போஸ்ட்மேன் வந்தால்கூடக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ரயில்வே குமாஸ்தா போன பதினோராம் நாள் காலை கண்ட்ரோல் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். மாடிக்காரர் டிபன் கேரியரோடு படியில் இறங்கிக்கொண்டிருந்தவர், அப்படியே நின்றார்.

இன்ஸ்பெக்டர் கொடியைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். குடித்தனக்காரரைக் கூப்பிடச் சொன்னார். வேலைக்குப் போயிருக்கிறார் என்றேன். வீட்டில் பெண்டுகள் இருப்பார்களே என்றார். கோயிலுக்கு என்றேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"சரி, அவங்க ரேஷன் கார்டை எடுத்துட்டு வாங்க. எந்த வீட்டுல ஆள் இருந்தாலும் கார்டு இருக்கும்."

சேலை, செருப்பு, விளக்கு எல்லாம் நினைத்தவனுக்கு அது தோன்றவில்லை. அரிசி வாங்காமல் பதினோரு நாளாக ஒரு குடும்பம் இருக்கிறது என்று காட்டியிருக்கிறேன்.

பின்கட்டிலிருந்து மனைவி ஈரக்கையோடு வந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை.

"குடித்தனமும் இல்ல ஒண்ணும் இல்ல. என் கொழுந்தனாருக்கு வச்சிருக்கோம். நெஞ்சு வியாதி, ஆஸ்பத்திரியில கீறாரு. சொல்லப் பயந்துக்கினு இவுரு இந்தக் கூத்து ஆடறாரு."

இன்ஸ்பெக்டர் இரண்டடி பின்னால் போனார். கைக்குட்டை மூக்குக்குப் போயிற்று. தெருவில் நின்றபடியே, ஒரு காகிதத்தில் இதை எழுதிக் கொடுத்திருந்தால் நான் ஏன் வருகிறேன், நாளைக்கு ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு ஆபீசுக்கு வாருங்கள், தாமதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். மாடிக்காரர் கேரியரைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கி வெளியே போனார்.

மூன்று நாள் ஆபீஸ் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நாலாம் நாள் நன்றாகத் திட்டிவிட்டு, உத்தரவில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். தம்பிக்கு அறை கிடைத்தது. மாடிக்காரர் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்றுதான் திரும்பி வருகிற வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் மாடிக்காரர் எனக்காக நின்றுகொண்டிருந்தார். படியின் மேலே அவர் மனைவி.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். நாங்க காலி பண்ணணுமா?"

எனக்குப் புரியவில்லை. நீங்கள்தானே கிளம்புவீர்கள் என்று உளறினேன்.

"அதே பச்சைச் சேலை தெனமும் காயுது, உடுத்த ஆளைக் காணோம். சரி, அண்ணாச்சி முழு வீட்டையும் யாருக்கோ விக்கப் போறாரு, வாங்குறவரு சொந்த உபயோகம்னு எழுதிட்டா அடுத்தது நாமதான்னு நெனச்சோம். தம்பிக்குன்னு தெரிஞ்ச பொறவும் அந்தப் பயம் போகல. இவ சரியாச் சாப்பிட்டுப் பத்து நாளாச்சு."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர்களுக்குப் பயந்து நான் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். அந்தச் சத்தத்தைக் கேட்டு மேலே அவர்கள் பயந்திருக்கிறார்கள்.

வியாதிக்குப் பயமில்லையா என்று கேட்டேன்.

"பயந்தான். ரெண்டு சின்னப் பிள்ளைகளை வச்சிருக்கோம், பயமில்லாம இருக்குமா? ஆனா ஒரு வருசம் சத்திரத்துல கெடந்துட்டு இந்த வீட்டுக்கு வந்தோம். இனிமே எங்க போக? அவுகள படிப்பக்கம் வேண்டாம், அந்தப் பக்கத்து ஜன்னலைத் தொறந்து வச்சுக்கிடச் சொல்லுங்க. பிள்ளைகள நான் பாத்துக்கிடுதேன்."

நல்ல மனசு என்று சொல்லத் தோன்றியது. ஆனால் அவர் முகத்தில் இருந்தது அது இல்லை. போக இடமில்லாதவன் முகம். கண்ணாடியில் நான் பார்க்கிற முகம்தான்.

மாதக் கடைசியில் தம்பி ஜட்காவில் வந்து இறங்கினான். இளைத்துப்போயிருந்தான். இரண்டு ஜன்னலையும் திறந்து பார்த்து, கடல் காற்று வருகிறதே என்று சந்தோஷப்பட்டான். படுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு நான் கதவுக்கு வெளியே வந்தேன். உள்ளே ஒருமுறை இருமினான். மாடியில் நடந்துகொண்டிருந்த காலடி சட்டென்று நின்றது. நானும் அசையவில்லை. மேலே அவரும் கீழே நானும், அடுத்த இருமல் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.