எங்கள் கன்று கொழுத்த மாதம்

நான் நான்காம் வகுப்பு படித்தபோது எங்கள் பசு திடீரென்று பாலைக் குறைத்துக்கொண்டது. காரணத்தைக் கண்டுபிடித்தது நான்தான். ஆனால் வெளியே சொல்லவில்லை.

சோழபுரத்தில் எங்களுக்கு இருந்தது ஒரே பசு. அப்பாவுக்கு இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. பால் கறப்பதும் இருவேளையும் அதைச் சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றுவதும் அம்மா பாடு.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடை ஒன்றுக்குப் பால் எடுப்பவர் சைக்கிளில் கேன்களோடு எங்கள் தெருவுக்கு வர ஆரம்பித்தார். சொசைட்டியைவிட விலை கூட, வாசலிலேயே வாங்கிக்கொள்வார். அப்பா உடனே சம்மதித்துவிட்டார்.

“இனி நீ அம்புட்டுத் தூரம் அலைய வேண்டாம். வீட்டுலயே இரு” என்றார் அம்மாவிடம், பெரிய உபகாரம் செய்த திருப்தியோடு. அம்மா தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

பத்து நாள் கழிந்ததும் பால் பாதியாகிவிட்டது. “இதுக்காவ இம்புட்டுத் தூரம் மிதிக்கணுமா அண்ணாச்சி?” என்று சைக்கிள்காரர் அலுத்துக்கொண்டார். அப்பா பருத்திக்கொட்டையைக் கூட்டினார், புண்ணாக்கை மாற்றினார். பசு மாறவில்லை. கன்றுக்குட்டிதான் நாளுக்கு நாள் மினுமினுத்தது. அது எனக்கு விசித்திரமாகப் பட்டது.

ஒருநாள் வயிற்றுவலி என்று பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு வைக்கோல்போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மா பாதி கறந்தாள். வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கன்றை அவிழ்த்துவிட்டாள். அது முட்டி முட்டிக் குடித்தது.

நான் எழுந்து நின்றேன். “ஏம்மா?”

“அதுக்கும் பசிக்கும்லா” என்றாள். கன்றைப் பிடித்துக் கட்டிக்கொண்டே, “அப்பாட்ட சொல்லிராத, என்ன?” என்றாள்.

அந்த வாரமே அப்பா பசுவை விற்றுவிடுவதாகச் சொன்னார். அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. ஆனால் குரல் நிதானமாகவே இருந்தது.

“விக்கதுக்கு முந்தி சொசைட்டி டாக்டர் ஒருதடவ பாக்கட்டுமே. அங்க பால் ஊத்துறவிய வீட்டுக்குத்தான் அவிய வருவாவளாம்.”

அப்பா யோசித்தார். மறுநாளே பால் சொசைட்டிக்குப் போனது. மாட்டு டாக்டர் வந்தார். பசுவைத் தட்டிப் பார்த்தார். உப்புப் பொட்டலம் ஒன்றைத் தந்தார். மூன்றாம் நாள் தூக்குவாளி நிரம்பிவிட்டது.

“டாக்டருன்னா அவருதான்!” என்று அப்பா மில்லில் எல்லோரிடமும் சொன்னார். பிறகு எத்தனையோ பேர் கூடுதல் விலையோடு வந்தார்கள். அப்பா ஒருவரையும் வாசல் ஏற விடவில்லை. ஊரில் அவரைப் போலச் சொசைட்டிக்கு விசுவாசமானவர் வேறு யாருமில்லை.

விடுமுறையில் ஒரு மாலை நானும் அம்மாவோடு போனேன். பாலை ஊற்றியதும் அம்மா திரும்பவில்லை. பக்கத்து வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள் காலி வாளிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். “ஏட்டி, வந்துட்டியா!” என்று நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள். யாரோ ஏதோ சொல்ல, அம்மா தொடையில் தட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வர, சத்தம்போட்டுச் சிரித்தாள். வீட்டில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

எனக்குச் சலிப்பாக இருந்தது. முந்தானையைப் பிடித்து இழுத்தேன். “பால்தான் ஊத்தியாச்சே, இன்னும் என்னம்மா? வா, வீட்டுக்குப் போவோம்.”

அம்மா பாதிச் சிரிப்பில் எழுந்துவிட்டாள்.