அறுபதுக்குச் செய்த மெஷின்

பதினைந்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கோயம்புத்தூரிலிருந்து தென்காசிக்கு வந்தேன். பையில் நான்கு சுடிதார், ஒரு துண்டு, போன் சார்ஜர். அந்தப் பதினைந்து நாள் இப்போது இரண்டு வருஷம் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்பாவுக்கு நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டு வருகிற நோய். நாற்பது வருஷம் தென்காசியில், எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர். அந்த வார்னிஷ் வாடைதான் நெஞ்சில் ஏறிவிட்டது என்று அம்மா சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டர் அப்படியெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஆக்ஸிஜன் போக வேண்டும், மூன்று லிட்டர் அளவில், இனிமேல் என்றைக்கும் என்று மட்டும் சொன்னார்.

அதற்கு ஒரு மெஷின் இருக்கிறது. சக்கரம் வைத்த பெட்டி. வீட்டுக் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். உள்ளே ஒரு மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயின் நீளம் ஏழு மீட்டர். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை வரும், வாசற்படி வரை வரும், கேட் வரைக்கும் வராது. அப்பாவின் உலகம் ஏழு மீட்டர். என்னுடையது அதைவிட ஒரு மளிகைக் கடையும் ஒரு மருந்துக் கடையும் அதிகம், அவ்வளவுதான்.

முதலில் திருநெல்வேலியிலிருந்து ஒரு மெஷினை வாடகைக்கு எடுத்திருந்தோம். பழசு. மாவு ஆட்டுகிற கிரைண்டர் போலச் சத்தம் போடும், ஆனால் வேலை செய்தது. விரலில் மாட்டிப் பார்க்கிற ஆக்ஸிமீட்டரில் தொண்ணூற்று இரண்டு, மூன்று என்று காட்டும். அதற்கு மேல் நாங்கள் ஆசைப்படவும் இல்லை.

என் தம்பி சவூதியில் ஒரு பெரிய மளிகைக் கடையில் இருக்கிறான். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது இல்லை. அவன் அனுப்புவான், நான் இருப்பேன். அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. எனக்குக் கல்யாணம் நடந்து இரண்டே வருஷத்தில் அது முடிந்தும் போனது. ஆகையால் எனக்கு வேலை ஒன்றும் இல்லை என்பது சொந்தக்காரர்கள் கணக்கு. கோயம்புத்தூரில் பன்னிரண்டு வருஷம் நான் பார்த்தது வேலையாகவே யாருக்கும் தோன்றவில்லை.

அந்தத் தம்பிதான் அங்கிருந்து ஒரு புது மெஷினை வாங்கி கார்கோவில் அனுப்பினான். நைலான் கயிறு கட்டி, மார்க்கர் பேனாவால் அப்பா பெயரை எழுதிய அட்டைப்பெட்டி ஆனி மாதத்தில் வந்து இறங்கியது. அச்சன்புதூரிலிருந்து சித்தி வீட்டுக்காரர்கள் வந்தார்கள், எதிர்வீட்டு அண்ணாச்சி வந்தார். வெளிநாட்டுச் சாமான் வந்து இறங்கினால் எங்கள் பக்கத்தில் யாரும் முதலில் கேட்பது, எத்தனை வோல்ட் என்பதுதான். முன்னொரு காலத்தில் நூற்றுப்பத்து வோல்ட் மிக்ஸியைச் சொருகிப் புகையவிட்ட கதை வீட்டுக்கு வீடு இருக்கிறது. அண்ணாச்சியும் அதையே கேட்டார்.

தம்பி வீடியோ காலில் இருந்தான். "எக்கா, எல்லாம் பாத்துட்டுதான் வாங்கிருக்கேன். இங்கயும் எரநூத்தி இருவது, அங்கயும் எரநூத்தி இருவது. சும்மா சொருகு, ஓடும்."

சொருகினேன். ஓடியது. பழைய மெஷினைவிடச் சத்தம் ரொம்பக் குறைவு. சித்தி அதிசயப்பட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அப்பா குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு போனைப் பார்த்து, "நல்லாருக்குலே" என்றார். தம்பி முகம் மலர்ந்துபோயிற்று. வயரைச் சுவரோரமாக ஒதுக்குவதற்காகக் குனிந்த நான், மெஷினின் பின்பக்கத்தில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தேன். வோல்ட் 220. அதற்குப் பக்கத்தில், 60 ஹெர்ட்ஸ்.

அந்த எண் அந்த வீட்டில் யாருக்குப் புரியாவிட்டாலும் எனக்குப் புரியும். கோயம்புத்தூரில் நான் இருந்தது பம்ப் கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவு. பம்பின் மேல் அடிக்கிற தகட்டில் எண்கள் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. இலங்கைக்குப் போவதில் ஐம்பது, சவூதிக்குப் போவதில் அறுபது. நம்மூர்க் கரண்டு நொடிக்கு ஐம்பது தடவை மாறி மாறி வருகிறது, அவர்களுடையது அறுபது தடவை. அறுபதுக்குச் செய்த மோட்டாரை ஐம்பதில் போட்டால் ஓடாமல் இருக்காது. ஓடும். ஆறு சுற்றுச் சுற்ற வேண்டிய நேரத்தில் ஐந்து சுற்றும், சூடாகிக்கொண்டே இருக்கும். வோல்ட் தப்பானால் உடனே புகையும், எல்லாருக்கும் தெரிந்துவிடும். இது அப்படி இல்லை.

நிமிர்ந்தபோது தம்பி போனில் சிரித்துக்கொண்டிருந்தான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் வாடகை மெஷினை எடுத்துப் போக வேன் வந்தது. அதையும் ஏற்றிவிட்டேன்.

மூன்று லிட்டரில் வைத்தால் மெஷினில் மஞ்சள் விளக்கு எரிந்தது. காற்றில் ஆக்ஸிஜன் போதவில்லை என்று அர்த்தம். இரண்டில் வைத்தால் பச்சை. நான் இரண்டில் வைத்தேன். ஆக்ஸிமீட்டர் எண்பத்தொன்பது காட்டியது, பிறகு எண்பத்தெட்டு. மத்தியானத்தில் பெட்டியின் மேல் கை வைக்க முடியாத சூடு. டேபிள் பேனை அப்பாவிடமிருந்து எடுத்து மெஷினுக்குத் திருப்பி வைத்தேன். அண்ணாச்சி ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தார். அவர் ஸ்டெபிலைசர் ஒன்றை மாட்டிவிட்டு, இனி கவலையே இல்லை என்று சொல்லிப் போனார். ஸ்டெபிலைசர் வோல்ட்டைச் சரிபண்ணும், இந்த ஐம்பதை அறுபது ஆக்காது. எனக்கு அது தெரியும். அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று என்னை நானே கேட்டுக்கொண்டால், முதலில் வருகிற பதில் தம்பி. பாவம், ஆசையாக அனுப்பினான், மனசு உடைந்துபோவான். இது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அந்த வாரத்தில் கோயம்புத்தூரிலிருந்து மானேஜர் பேசினார். இரண்டு வருஷமாக என் இடத்தில் ஆட்களை மாற்றி மாற்றிப் போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்த நல்ல மனிதர்.

"ஆகஸ்ட் கடைசி வரைக்கும் உங்க இடத்த வெச்சிருக்கேனுங்க. அதுக்கு மேல முடியாது. அப்பா எப்படி இருக்காருங்க?"

"ஆக்ஸிஜன் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுட்டே வருது சார்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. ரயில் டிக்கெட் உறுதியாகிவிட்டது என்று சொல்கிறவளின் குரல். போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றேன். என்னைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. ஆனால் அன்றைக்கும் நான் சொல்லவில்லை.

அதற்குள் சாரல் பிடித்துவிட்டது. தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் விருந்தாளிகள். எண்ணெய் வழிகிற தலையும் ஈரத் துண்டுமாக ஆட்டோ ஆட்டோவாகப் போய் வந்தார்கள். குற்றாலத்துக்கு ஒரு எட்டு தூரத்தில் இருந்துகொண்டு இரண்டு வருஷமாக நான் அருவியைப் பார்க்கவில்லை. சித்தி மகள் காரோடு வந்து நின்று, ஐந்தருவிக்குப் போகலாம் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அண்ணாச்சி, தான் வந்து உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னார்.

"போயிட்டு வாட்டி" என்றார் அப்பா. "நான் என்ன ஓடியா போவப்போறேன்?"

பெண்கள் பக்கத்தில் நல்ல கூட்டம். இடித்துப் பிடித்து உள்ளே போய்த் தலையைக் கொடுத்தேன். தண்ணீர் அடித்த அடியில் காது அடைத்துவிட்டது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த மெஷின் சத்தம் எனக்குள் கேட்கவில்லை. இது நின்றுவிட்டால் எப்படி இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. எதை நினைத்தேன் என்று தெரியாததுபோல் நான் நடிக்க முடியாது. மெஷினை மட்டும் நினைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். பின்னால் நின்ற ஒரு அம்மா, "ஏளா, போதும், மத்தவங்களுக்கும் விடு" என்று தோளைப் பிடித்து இழுத்தாள்.

காருக்கு வந்தபோது போனில் பதினோரு மிஸ்டு கால். எல்லாம் அண்ணாச்சி.

கடைகளைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வருவதற்கே அரை மணி நேரம். முன்னால் கேரளா வேன், பின்னால் ஒரு டூரிஸ்ட் பஸ், இரண்டு பக்கமும் மங்குஸ்தான் பழம் வாங்க நிற்கிற கூட்டம். இறங்கி ஓடினாலும் போய்ச் சேர முடியாத தூரம், காருக்குள் உட்கார்ந்திருந்தாலும் நகராத தூரம். ஈரச் சுடிதாரோடு நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். சித்தி மகள் ஹாரனை விட்டுக் கையையே எடுக்கவில்லை.

மெஷின் சூடு தாங்காமல் தானாக நின்றிருந்தது. அண்ணாச்சி பதறிப்போய், கரண்டு போனால் உதவட்டும் என்று மூலையில் நிறுத்தியிருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறக்கத் தெரியாமல் தடுமாறி, கடைசியில் அப்பாவே கை ஜாடையில் காட்டித் திறக்க வைத்திருக்கிறார். நான் போனபோது அப்பா கட்டிலில் இரண்டு தலையணைக்குச் சாய்ந்திருந்தார். நகமெல்லாம் நீலம். என்னைப் பார்த்து, "குளிச்சியா?" என்று கேட்டார். மூச்சு வாங்கிவிட்டு, "தண்ணி நெறைய விழுதா?" என்றார்.

நான் அடுப்படிக்குப் போய்த் தம்பியைக் கூப்பிட்டேன். மெஷின் அறுபதுக்குச் செய்தது, நம்மூருக்கு ஆகாது என்று சொன்னேன்.

"எப்பக்கா பாத்த?"

"இப்பதாம்லே. இன்னைக்குத்தான்."

அவன் அழ ஆரம்பித்தான். நானே அப்பாவக் கொல்லப் பாத்தேனே, வோல்ட்ட மட்டும் பாத்துட்டு வாங்குனேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவனை அழவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

சிலிண்டரை மாற்றி மாற்றி வைத்துச் சமாளித்து, மூன்றாம் நாள் திருநெல்வேலியிலிருந்து வேறு ஒரு புது மெஷின் வந்தது. பிரிப்பதற்கு முன்னால் தகட்டைப் பார்த்தேன், ஐம்பது. மூன்று லிட்டரில் வைத்தும் பச்சை விளக்கு எரிந்தது. சாயங்காலத்துக்குள் தொண்ணூற்று மூன்று. இரண்டு நாளில் அப்பா மூன்று இட்லி சாப்பிட்டார், பேப்பர் கேட்டார். டாக்டர் பார்த்துவிட்டு, "இப்படியே போச்சுன்னா நாலஞ்சு வருஷம்கூட நல்லா இருப்பாங்க" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதில் பொய் இல்லை. அதே நேரத்தில் யாரோ வெளியிலிருந்து கதவைப் பூட்டிக்கொண்டு போனதுபோலவும் இருந்தது. நாலஞ்சு வருஷம். அன்றைக்கு ராத்திரி மானேஜருக்கு, வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று மெசேஜ் அனுப்பினேன். வருத்தமாக ஒரு முகம் போட்டுப் பதில் அனுப்பினார்.

ஒரு வாரம் கழித்து, சாயங்காலம், அப்பா குழாயோடு வாசற்படிக்கு வந்து உட்கார்ந்தார். நல்ல காற்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, இதுக்கு ஓட்டம் சரியா இருக்கு" என்றார்.

"புதுசுல்லாப்பா."

"புதுசுக்குச் சொல்லல. தம்பி அனுப்புனது அறுபது மோட்டாரு. அம்பதுல இழுக்க முடியாம இழுத்துச்சு. போட்ட அன்னைக்கே சத்தத்துல தெரிஞ்சிட்டு."

கீரையைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வந்தது. முப்பத்தெட்டு நாள் அந்த மெஷின் ஓடியிருக்கிறது. "தெரிஞ்சும் ஏம்ப்பா வாயத் திறக்கல? உங்க உசிரு உங்களுக்கு வெளையாட்டா?"

"அவன் ஆசப்பட்டு அனுப்பிருக்கான். அவன்ட்ட என்னன்னு சொல்ல?"

"என்ட்ட சொல்லிருக்கலாம்லா?"

அப்பா மூச்சை இழுத்துக்கொள்ள நேரம் எடுத்தார். என் பக்கம் திரும்பவில்லை, தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ குனிஞ்சு தகட்டப் படிச்சத நான் பாத்தேன்லாட்டி. நீயா சொல்லுவன்னு இருந்தேன்."

குரலில் கோபம் இல்லை. குத்திக்காட்டுகிற தொனியும் இல்லை. சொல்லிவிட்டு, என் மடியிலிருந்து ஒரு கீரைக் கொத்தை எடுத்து, அவரும் உருவ ஆரம்பித்தார். ஆக்ஸிமீட்டரில் எண் இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை நாளும், அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.