வீராசாமி வீட்டு ஆன்டெனா

பக்கத்து வீட்டுப் பவுனம்மாளுக்கு அவளுடைய அப்பா தலைதீபாவளிக்குக் கறுப்பு வெள்ளை டிவி வாங்கித் தந்தார். தொண்டூரிலிருந்து மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, அதைப் பச்சைக் குழந்தைபோலக் கொண்டுவந்து இறக்கினார். அதன் எதிரில் உட்கார்ந்த மாப்பிள்ளை வீராசாமி, பிறகு எழுந்திருக்கவே இல்லை.

முதலில் அவன் அப்படி இல்லை. வேர்க்கடலை உடைக்கும் மல்லாட்டை மில்லில் வேலை முடிந்து வரும்போது பூ வாங்கி வருவான். இருவரும் சிரித்துப் பேசுவது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். அந்த வருஷம் மழை இல்லை, மல்லாட்டை காய்ந்தது, மில்லை மூடிவிட்டார்கள். கஷ்டம் வந்தால் புருஷனும் பெண்டாட்டியும் நாலு வார்த்தை கலந்து பேசுவார்கள் என்று நினைப்போம். இந்த மகராசன் டிவியோடு குடும்பம் நடத்தினான். ஒரு வார்த்தைகூடப் புரியாத இந்தி நாடகத்துக்கும் தலையாட்டுவான். வேலை தேடச் சொன்னால், "செய்தி ஓடுது, சும்மா இரு" என்பான்.

ஊரை ஒட்டிய கோட்டை மலையிலிருந்து காற்று அடித்தால் மொட்டைமாடி ஆன்டெனா திரும்பிப் படம் போய்விடும். பவுனம்மாள்தான் ஏறிக் கம்பத்தைச் சென்னைப் பக்கம் திருப்ப வேண்டும். அவன் ஏறமாட்டான். படம் வந்ததா என்று கீழே பார்க்க ஆள் வேண்டுமாம்.

"இப்ப தெரியுதா?"

"இல்ல."

"இப்ப?"

"கொஞ்சம் இப்டி."

கடைசியில் அந்த வீட்டில் மிஞ்சிய தாம்பத்தியப் பேச்சு இவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் தொண்டூர்க்காரர் ஒருவர் வந்து, "நைனாவுக்கு மூச்சு வாங்குதும்மா. உன்னையும் மாப்ளையையும் பாக்கணும்னு சொல்றாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். பவுனம்மாள் அப்பாவை நினைத்து அழுதுகொண்டே புடவை மாற்றினாள்.

"கடைசி பஸ்சுக்குப் போயிடலாங்க."

"படம் முடியட்டும்."

"முடிஞ்சா பஸ் இருக்காது."

"காலையில போனா ஆகாதா? உங்க நைனா எங்க ஓடிடப் போறாரு?"

அந்த நேரம் பார்த்துப் படம் போனது. "ஏறு, ஏறு, சண்டை சீன் வரப்போவுது" என்றான். கட்டிய நல்ல புடவையோடு அவள் ஏறினாள். எங்கள் மாடியில் நான் மிளகாய் வாரிக்கொண்டிருந்தேன்.

"தெரியுதா?"

"நல்லா தெரியுது. அப்டியே புடிச்சிக்க."

"எதுவரைக்கும்?"

"முடியறவரைக்கும்தான்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவளும் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே பஸ் ஸ்டாண்டு தெரிந்தது. நான் யாரிடமும் அதிகம் பேசாதவள். அன்றைக்கு, "பவுனு, பஸ் நிக்குது பாரு" என்றேன்.

என்னைப் பார்த்தாள். கம்பத்தைச் சென்னையை விட்டு அப்படியே கோட்டைப் பக்கம் திருப்பி, கம்பியைச் சுற்றி முறுக்கிக் கட்டினாள். இறங்கித் தெருவில் நடந்தாள்.

"போச்சு, கொஞ்சம் இப்டி திருப்பு" என்று உள்ளிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. பஸ் கிளம்பிய பிறகும் வந்தது.

மறுநாள் காலை அதே ஆள் வந்தார். "பொண்ணப் பாத்ததும் கண்ணு தொறந்தாரு. மாப்ள எங்கன்னு கேட்டாரு. இன்னும் வாசலையே பாத்துக்கினு கெடக்கறாரு" என்றார். வீராசாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். அவர் போனதும் சுவரோரம் வந்தான். சட்டை போட்டுக்கொண்டு பஸ்சுக்குத்தான் கிளம்புகிறான் என்று நினைத்தேன்.

"தங்கச்சி, அவ கம்பத்த எப்டி கட்டிட்டுப் போயிருக்கா? ஒண்ணுமே தெரியல."

"நீயே ஏறிப் பாருண்ணே."

"நான் ஏறுனா கீழ யாரு பாக்கறது?" என்றான்.