9973 நாற்றுகளும் நானும்

கணக்கில் பி.எஸ்சி. என்று மார்தட்டித்தான் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராகச் சேர்ந்தேன். இரண்டாம் வாரமே மேனேஜர் நாற்றங்காலுக்கு அழைத்துப் போனார். விதை போட்ட பத்தாயிரம் பைகளில் இருபத்தேழு முளைக்கவில்லை. மீதி 9973.

"நாளன்னைக்கு நாத்துகள எண்ணிப் பாக்க ஆபீசர் வர்றாருங்க. ஒரு வரிசைய எண்ணுவாரு, எத்தனை வரிசைன்னு பாப்பாரு, பெருக்கிக்குவாரு. எல்லா வரிசையும் ஒரே அளவா இருக்கோணும். பெசகுச்சுன்னா நீங்க ஊருக்குப் போயிரலாம்."

"அஞ்சு நிமிச வேலைங்க" என்றேன். இந்த வாய் இருக்கிறதே.

மூன்றால் வகுத்தேன், ஒன்று மீதி. ஏழால் வகுத்தால் ஐந்து. பதின்மூன்றுக்கு இரண்டு. தொண்ணூற்றேழு வரை வந்தும் மீதி வந்துகொண்டே இருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நூறை நூறால் பெருக்கினாலே பத்தாயிரம் ஆகிவிடுகிறது. இந்த எண்ணுக்கு வகுஎண் இருந்தால் நூறுக்குள் ஒன்றாவது அகப்பட்டிருக்கும். இதையே பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். பயத்தில் நூற்று ஒன்று, நூற்று மூன்று என்று போய்க்கொண்டே இருந்தேன். மறுநாள் காலை இருநூற்றுப் பதினொன்றில் நிற்கும்போதுதான் அது பகா எண் என்று உறைத்தது. ஒரே வரிசையாக அடுக்கலாம். அது அடுத்த ஊரான வெள்ளக்கடைப் பக்கம் போய் முடியும்.

நாற்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தலைச்சோலை ஊர்க்கார அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க ரைட்டரு, பென்சில முழுசாத் தின்னு போடுவீங்களாட்ட இருக்குது?"

"இந்த எண்ணு எதுலயும் வகுபடாதுங்க. சம வரிசைக்குக் கணக்குலயே வழி கெடையாது."

"ஒரு பைய எடுத்து அந்தாண்ட வெச்சுப் பாருங்க. அது ஒண்ணும் கோவிச்சுக்காது."

9972. நாலாலும் வகுபட்டது, ஒன்பதாலும் வகுபட்டது. முப்பத்தாறு வரிசை, வரிசைக்கு 277. பொழுது சாய்வதற்குள் நாற்றங்கால் பெண்கள் அடுக்கி முடித்துவிட்டார்கள்.

ஆபீசர் வந்தார், எண்ணினார், பெருக்கினார். பிறகு என்னைப் பார்த்தார். எடுத்த பையை எங்கே வைப்பதென்று தெரியாமல், கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"அது என்னங்க?"

பையை இன்னும் இறுக்கிக்கொண்டேன். மேனேஜர்தான் சொன்னார்: "அதோட சேத்துனாத்தானுங்க கணக்கு. நம்ம ரைட்டரு நொம்ப பத்திரம். மீதிய மண்ணுல வெக்க மாட்டாரு."

ஆபீசர் சிரித்துக்கொண்டே ஒன்றைக் கூட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலை தப்பித்தது. அவர் ஜீப்பு கிளம்பிப் போன பிறகும் பையைக் கீழே வைக்க என் விரல்கள் சம்மதிக்கவில்லை. அந்த அம்மாதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து வாங்கிக்கொண்டார்.