முதல் துளி விழுந்த நேரம்

வலது கையில் ஊசி இல்லாத சிரிஞ்ச். இடது கை ஒரு பழைய ஐஸ்கிறீம் டப்பாவைச் சரியாமல் பிடித்திருந்தது. டப்பாவுக்குள் படகு ஒட்டும் பிசினான றெசின், தேன் நிறத்தில் அரை லீற்றர். சிரிஞ்சில் ஏழு கோடு வரை, அதை இறுகவைக்கும் ஹாட்னர் இருந்தது. பெருவிரல் மெல்ல அழுத்தியது. கடைசித் துளியும் விழுந்த பிறகு அதே கை ஒரு மரக்குச்சியை எடுத்து, குமிழி எழாதபடி நூறு எண்ணும்வரை கலக்கியது.

"சிரிஞ்ச் எல்லாம் எதுக்கக்கா? ஆஸ்பத்திரி மாதிரிக் கிடக்கு. கண்ணளவில ஊத்துங்களேன்" என்றான் றொஹான்.

"போன வருஷம் கண்ணளவில ஊத்தினதாலதான் உனக்குக் கடிதம் வந்தது."



வெள்ளிக்கிழமை காலை ஆறு இருபது. பேர வாவியின் கரையில், பழைய டயர்களுக்கு மேல், நான்காம் இலக்க அன்னப்படகு சரித்துப் படுக்கவைக்கப்பட்டிருந்தது. அதன் அடிப்பகுதியில் ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு. றொஹான் அங்கே ஆறு மிதிபடகுகளை வாடகைக்கு விடுகிறவன். றெசின் கலக்கிக்கொண்டிருந்தவள் புளோறன்ஸ். வயது ஐம்பத்துநான்கு, வீடு கொட்டாஞ்சேனையில்.

பத்தொன்பது வயதில் மட்டக்குளியில் ஒரு படகுத் தளத்துக்குக் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போனவள் அவள். கண்ணாடி இழைப் பாயை வெட்டிக் கொடுப்பதும் அவள் வேலை. றெசின் பூசுவது ஆண்களின் வேலை. அவர்கள் மிச்சம் விட்ட டப்பாக்களை அவள் மாலையில் எடுத்துப் பார்ப்பாள். எது கல்லாக இறுகியது, எது மறுநாளும் பிசுபிசுத்தது, எதில் பால்போல வெள்ளை படர்ந்தது என்று ஒரு கொப்பியில் குறித்து வைத்தாள். பாயில் ஈரம் இருந்தால் வெள்ளை படரும். ஹாட்னர் கூடினால் சூடேறி, பிறகு வெடிக்கும். இவற்றை அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான்கு வருடம் கழித்து ஒரு நாள் இரண்டு பேர் வேலைக்கு வராதபோது தூரிகையை எடுத்தாள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து அதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

கொப்பியில் குறிக்கும் பழக்கம் பிற்காலத்தில் மழைக்கும் வந்தது. வாவிக் கரையில் வேலை எடுக்கத் தொடங்கியதிலிருந்து, ஐப்பசி கார்த்திகை நாட்களில் முதல் துளி எத்தனை மணிக்கு விழுந்தது என்று கோயில் கலண்டரில் பென்சிலால் எழுதுவாள். பதினொரு கலண்டர்கள் கட்டிலின் கீழே கிடக்கின்றன.

போன வருடம் அவள் அவற்றைப் பார்க்கவில்லை. மேல் மாகாணத்தில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர் இடியுடன் மழை பெய்யக்கூடும் என்று செய்தியில் சொன்னார்கள். அந்த மாதங்களில் தினமும் சொல்வதுதான். அதை நம்பி இதே படகில் பத்து மணிக்கு வேலையைத் தொடங்கினாள். பன்னிரண்டு நாற்பதுக்கு வானம் இருண்டது. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹாட்னரைக் கூட ஊற்றினாள். டப்பாவிலிருந்து புகை வந்தது. அப்படியே பூசினாள். மூன்று கிழமையில் ஒட்டு வெடித்து, வாவி நடுவில் ஒரு தகப்பனும் இரண்டு பிள்ளைகளும் கணுக்காலளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் றொஹானுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இன்னொரு முறை ஒரு படகில் தண்ணீர் புகுந்தால் ஆறு படகுகளுக்கும் அனுமதி போய்விடும்.

கடிதம் வந்த அன்று பின்னேரமே புளோறன்ஸ் அவனிடம் போய், பிழை தன்னுடையது என்று சொன்னாள். பிறகு அவள் மறுபடி பூசிய ஒட்டு பத்து மாதத்துக்கு மேல் நின்றது. போன மாதம் படகு இறங்குதுறைத் தூணில் மோதியதில் அதே இடம் விட்டுப்போனது. வருடாந்தப் பரிசோதனை இந்தச் சனிக்கிழமை. றொஹான் வேறு யாரையும் தேடவில்லை.

வியாழன் இரவுச் செய்தியிலும் இரண்டு மணி என்றுதான் சொன்னார்கள். ஆனால் கடைசியில், வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவாகலாம் என்றும் சொன்னார்கள். புளோறன்ஸ் கலண்டர்களை வெளியே இழுத்தாள். தாழமுக்கம் என்று ஓரத்தில் எழுதியிருந்த நாட்கள் நான்கு. மூன்றில் முதல் துளி மத்தியானத்துக்கு முன்பே விழுந்திருந்தது. நான்காவது, போன வருடம் பன்னிரண்டு நாற்பதுக்கு வானம் இருண்ட அந்த நாள்.

உடனே றொஹானுக்கு அழைத்தாள்.

"விடிய அஞ்சரைக்கு வா. வரேக்க உன்ட மனிசி றேணுகாட தலை காய வைக்கிற மெசினையும் கொண்டு வா."

"அஞ்சரைக்கா? இரண்டு மணிக்குத்தானே மழை எண்டு சொல்லுறாங்க. அவங்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?"

"அவங்க முழு மாகாணத்துக்கும் சொல்லுறாங்க, தம்பி. எனக்கு இந்த ஒரு மூலைதான் தெரியும்."

விடியற்காலையில் தொடங்குவதிலும் சிக்கல் உண்டு. அந்த நேரத்தில் வாவிப் பக்கம் எல்லாவற்றிலும் பனி படிந்திருக்கும். தார்ப்பாய் மழையைத் தடுக்கும், ஈரக்காற்றைத் தடுக்காது. டிக்கெட் கொட்டிலுக்குள் கொண்டுபோகலாம் என்றால் அன்னத்தின் கழுத்து வாசலில் நுழையாது. அதனால்தான் அந்த மெசின். டிக்கெட் கொட்டிலிலிருந்து வயர் இழுத்து, வெடிப்பைச் சுற்றி அரை மணி நேரம் சூடுகாற்று அடித்தாள். இழைப் பாயை, ஈரத்தை இழுக்கட்டும் என்று, இரவு முழுக்க வறுத்த அரிசிப் பொட்டலத்தோடு பொலித்தீனில் கட்டி வைத்திருந்தாள்.

"இண்டைக்கு அவ ஈரத் தலையோடதான் வேலைக்குப் போவா. எனக்குப் பகலுக்குச் சோறு கிடைக்காது" என்றான் றொஹான்.

"அப்ப இதுக்குள்ள இருக்கிற அரிசியை மெல்லு."

முதல் பாய் ஆறரைக்கு. தூரிகையால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றினாள். ஒவ்வொரு பாயும் இறுகும்வரை காத்திருந்து, அடுத்ததற்கு றெசினைப் புதிதாகக் கலந்தாள். நான்காவது பாய் முடியும்போது எட்டே முக்கால். ஒன்பதரைக்குக் கிழக்கே, கொலன்னாவைப் பக்கமாக, வானத்தின் அடி கறுத்தது.

"அக்கா, கடைசிக்குக் கொஞ்சம் கூட ஊத்தியிருக்கலாம்" என்றான் அவன், மேலே பார்த்தபடி. "இப்ப இறுகாட்டி நான் முடிஞ்சன்."

"இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கு."

"ஒரு மணித்தியாலம் எண்டு ஆர் சொன்னது?"

அவளுக்கும் அது தெரியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மரக்குச்சியால் ஒட்டின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். பத்து மணிக்குக் குச்சி ஒட்டியது. பத்து இருபதுக்கும் கொஞ்சம் ஒட்டியது. பத்து நாற்பதுக்கு நகத்தால் தட்டினாள். தகரத்தில் தட்டிய சத்தம் வந்தது. இருவரும் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். முதல் துளி விழுந்தபோது பத்து ஐம்பத்தைந்து. புளோறன்ஸ் அதை உள்ளங்கையில் பென்சிலால் எழுத முயன்று, எழுத வராமல், றொஹானின் டிக்கெட் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதினாள்.

வெள்ளை நிற மேல்பூச்சு பூச முடியவில்லை. சனிக்கிழமை காலையில் தூறல் விடவில்லை. வெள்ளை அன்னத்தின் வயிற்றில் ஒரு முழ நீளத்துக்குச் சாம்பல் நிறத் திட்டு அப்படியே தெரிந்தது.

"சொறி பிடிச்ச அன்னம்" என்றான் றொஹான்.

"தண்ணிக்குக் கீழ ஆரு பாக்கிறது? தை மாசம் வெயில் வந்தாப் பூசித் தாறன்."

படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். தண்ணீர் கசிந்தால் தெரியட்டும் என்று இருக்கைகளுக்குக் கீழே பழைய பேப்பரை விரித்துவிட்டு, புளோறன்ஸ் தனியாக வாவி நடுவரை மிதித்துப் போய்த் திரும்பினாள். பிறகு படகின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு துறையில் நின்றாள்.

பரிசோதகர் ஒன்பது மணிக்கு வந்தார். நான்காம் இலக்கப் படகின் ஃபைலை முதலில் எடுத்தார். படகுக்குள் இரண்டு மணல் மூட்டைகளை வைக்கச் சொன்னார், அரை மணி நேரம் காத்திருந்தார், பிறகு குனிந்து பேப்பரைத் தூக்கித் தடவிப் பார்த்தார். மறுபக்கத்தையும் தடவினார். காய்ந்திருந்தது. கையெழுத்து வைத்துவிட்டு அடுத்த படகுக்கு நகர்ந்தார்.

றொஹான் எதையோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் புளோறன்ஸ் கையில் சுற்றியிருந்த கயிற்றை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து, நுனியை அவன் கையில் கொடுத்தாள்.